பழகிய ஆட்டமா, புதிய ஆட்டமா? பெங்களூரு கேம் நிறுவனங்கள் காட்டும் வழி

ஒரு வீடியோ கேம் நிறுவனம் அடுத்த ஆட்டத்தைத் தீர்மானிக்க உட்காரும்போது அதன் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. கோடிக்கணக்கானோர் ஏற்கெனவே விளையாடிவரும் வகையில் இன்னோர் ஆட்டத்தைச் செய்யலாம்: சீட்டு, லூடோ, சொற்புதிர், கிரிக்கெட், துப்பாக்கிச் சண்டை. இல்லையென்றால், இதுவரை எவரும் விளையாடிப் பார்க்காத ஒன்றை முயலலாம். முதல் வழியில் ஆட்டக்காரர்கள் நிச்சயம் இருக்கிறார்கள். அவர்களைக் கையில் வைத்திருக்கும் போட்டியாளர்களும் நிச்சயம் இருக்கிறார்கள். இரண்டாம் வழியில் போட்டி குறைவு. ஆனால் ஆட்டக்காரர்கள் வருவார்களா என்பது வெளியிடும் நாள்வரை தெரியாது. ஓர் ஆட்டம் உருவாகப் பல மாதங்களும் சில சமயம் பல ஆண்டுகளும் பிடிக்கும். முடிவு பிசகினால் சிறிய நிறுவனம் மூடப்படும். ஓவியர்களும் புரோகிராமர்களும் இசைக்காரர்களும் வேறு வேலை தேடிப் போக வேண்டியிருக்கும்.

இந்தியாவில் இந்தக் கேள்வியோடு மிக நீண்ட காலம் வாழ்ந்துவரும் நகரங்களில் முதன்மையானது பெங்களூரு. வெளிநாட்டு ஆட்டங்களுக்குப் படம் வரைந்துகொடுத்தது, சீட்டையும் சொற்புதிரையும் கைபேசிக்குக் கொண்டுவந்தது, பணம் வைத்து ஆடும் ரம்மியில் பெருந்தொகை ஈட்டியது, ஒரே சட்டத்தில் அதை இழந்தது என எல்லா அனுபவங்களும் அந்த நகரத்துக்கு உண்டு. அவற்றை வரிசையாகப் பார்த்தால் ஒரு முடிவு தெளிவாகிறது. பழகிய வகையில் காலூன்றுவது பிழைப்புக்குத் தேவை. அதற்குள் ஏதாவது ஓர் இடத்தில் உண்மையான புதுமை இருப்பது நிலைத்திருக்கத் தேவை. அந்த இடம் எது என்று கண்டறிவதுதான் கேம் நிறுவனத்தின் தலையாய வேலை.

வகை எப்படிப் பிறக்கிறது, எப்படி முதிர்கிறது

ஒரு வகை என்பது ஆட்டத்தைச் செய்பவருக்கும் ஆடுபவருக்கும் இடையே உள்ள எழுதப்படாத ஒப்பந்தம். லூடோவைத் திறப்பவருக்கு, பகடையில் ஆறு விழுந்தால் காய் வெளியே வரும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கைபேசி ஆட்டத்தில் இது பெரிய ஆதாயம். புதிதாகத் தரவிறக்கிய ஆட்டம் முதல் சில நிமிடங்களில் பிடிபடவில்லை என்றால் பெரும்பாலானோர் அதை நீக்கிவிடுவார்கள். விதிகளை விளக்க வேண்டிய புதிய ஆட்டம் அந்த நிமிடங்களைப் பாடம் நடத்தச் செலவழிக்கிறது. பழகிய ஆட்டம் அவற்றை மகிழ்விக்கச் செலவழிக்கிறது.

இன்று பழகியதாகத் தெரியும் ஒவ்வொரு வகையும் ஒரு காலத்தில் புதுமையாக இருந்ததுதான். நூறு பேர் ஒரு தீவில் இறங்கி, கடைசியாக மிஞ்சுபவர் வெல்லும் பேட்டில் ராயல் வகையை எடுத்துக்கொள்ளலாம். பிரெண்டன் கிரீன் வேறொரு ராணுவ ஆட்டத்தின் மேல் தம் சொந்த ஆர்வத்தில் செய்த மாற்றங்களில் அதன் வித்து இருக்கிறது. 2017 மார்ச்சில் 'பப்ஜி' முன்னோட்டமாக வெளிவந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் எபிக் நிறுவனம் தன் 'ஃபோர்ட்நைட்' ஆட்டத்தில் அந்த வடிவத்தைச் சேர்த்தது. கூடவே, சண்டைக்கு நடுவில் சுவரும் படிக்கட்டும் கட்டும் வசதியையும் வைத்திருந்தது. வகை பிறந்து சில மாதங்களே ஆகியிருந்த நிலையில், தனக்கென ஓர் அடையாளத்தோடு வந்த அந்த ஆட்டம் உலகை ஆண்டது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2020இல், யூபிசாஃப்ட் 'ஹைப்பர் ஸ்கேப்' என்ற பேட்டில் ராயலைக் கொண்டுவந்தபோது இடம் நிரம்பிவிட்டிருந்தது. 2022 ஏப்ரலில் அது மூடப்பட்டது.

ஒரு வகையில் இறங்கலாமா என்ற கேள்விக்கு, அந்த வகை எவ்வளவு பிரபலம் என்பது மட்டும் விடையாகாது. அது வளர்ச்சியின் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதே முக்கியம். பிறந்த புதிதில் நுழைபவர் வகையோடு சேர்ந்து வளர்கிறார். முதிர்ந்த பின் நுழைபவர், ஏற்கெனவே நண்பர்கள் கூடியிருக்கும் ஓர் இடத்திலிருந்து ஆட்டக்காரரைப் பிரித்துக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. கூட்டமாக ஆடும் ஆட்டங்களில் இது மிகக் கடினம்; ஒருவரை மட்டும் இழுத்தால் போதாது, அவருடைய குழுவையே இழுக்க வேண்டும். சோனி 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளியிட்ட 'கான்கார்ட்' இதற்குக் கடுமையான எடுத்துக்காட்டு. வீரர்கள் அணியாக மோதும் அந்த வகையில் வலுவான இலவச ஆட்டங்கள் பல இருந்தன. 'கான்கார்ட்' விலை கொடுத்து வாங்க வேண்டியதாக இருந்தது. இரண்டே வாரத்தில், செப்டம்பர் 6 அன்று, அது திரும்பப் பெறப்பட்டது. அதைச் செய்த ஸ்டுடியோவும் அந்த ஆண்டிலேயே மூடப்பட்டது.

துருவா: பிறர் ஆட்டங்களுக்கு உழைத்த தலைமுறை

பெங்களூருவின் கேம் வரலாறு 1997இல் ராஜேஷ் ராவ் தொடங்கிய துருவா இன்டராக்டிவ் நிறுவனத்தோடு ஆரம்பிக்கிறது. இந்தியாவின் தொடக்ககால கேம் நிறுவனங்களில் அது ஒன்று. அன்று இந்தியாவில் வீட்டுக் கணினிகள் குறைவு. கன்சோல்கள் அதைவிடக் குறைவு. திருட்டுப் பிரதிகள் எங்கும் கிடைத்தன. உள்நாட்டில் ஓர் ஆட்டத்தை விற்று நிறுவனம் நடத்த வழியில்லை. எனவே துருவா வெளிநாட்டை நோக்கியது. இன்ஃபோகிராம்ஸ் நிறுவனத்துக்காக 'மிஷன் இம்பாசிபிள்' ஆட்டத்தின் கணினி வடிவத்தில் பணியாற்றியது. பின்னர் பெரிய ஆட்டங்களுக்கு வேண்டிய கார்கள், கட்டடங்கள், பொருட்கள் முதலியவற்றை முப்பரிமாணத்தில் செய்துகொடுக்கும் அவுட்சோர்சிங் நிறுவனமாக வளர்ந்தது. மைக்ரோசாஃப்ட்டின் 'ஃபோர்சா' பந்தய வரிசையின் கார்களில் பெங்களூரு ஓவியர்களின் உழைப்பு இருக்கிறது.

இந்த வழியில் புதுமையா, பிரபலமா என்ற கேள்வியே எழுவதில்லை. ஆட்டம் தோற்றாலும் செய்த வேலைக்குக் கூலி வரும். ஆட்டம் வென்றாலும் அதே கூலிதான். முதலீடு கிடைக்காத காலத்தில் நூற்றுக்கணக்கானோருக்கு உலகத் தரத்தில் தொழில் கற்றுத்தந்த பெருமை இந்த வழிக்கு உண்டு. ஆனால் ஆட்டத்தின் உரிமை இல்லாத நிறுவனத்தின் மதிப்பு ஓர் அளவுக்கு மேல் உயர்வதில்லை. அதன் எதிர்காலமும் பிறர் கையில் இருக்கிறது. 2016 இறுதியில் துருவாவின் பெரும்பங்கை வாங்க ஸ்வீடனின் ஸ்டார்பிரீஸ் முன்வந்தது. அந்த நிறுவனம் நிதி நெருக்கடியில் சிக்கியதும், 2019இல் துருவா சுமார் 79 லட்சம் டாலருக்கு ராக்ஸ்டார் கேம்ஸ் வசம் போனது. பெங்களூருவில் 2016 முதல் இயங்கிவந்த ராக்ஸ்டார் இந்தியாவோடு இணைக்கப்பட்டது. பிறருக்கு வேலை செய்வதன் ஆபத்து 2025 பிப்ரவரியில் இன்னும் பெரிய அளவில் தெரிந்தது. பிறருக்காக வரைகலை வேலைகளைச் செய்துவந்த பிரான்சின் டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது, அதன் தவறுகளில் எந்தப் பங்கும் இல்லாத பெங்களூரு கலைஞர்கள் ஒரே வாரத்தில் வேலை இழந்தார்கள்.

பழகிய வகையில் கிடைத்த வெற்றிகள்

அமெரிக்காவின் ஜிங்கா நிறுவனம் 2010இல் பெங்களூருவில் கிளை திறந்தது. 'ஃபார்ம்வில்' மூலம் ஃபேஸ்புக் ஆட்டங்களில் கொடிகட்டிப் பறந்த நிறுவனம் அது. அங்கே வேலைபார்த்தவர்கள் கற்றது கதையோ ஓவியமோ மட்டும் இல்லை. ஆட்டக்காரரின் ஒவ்வொரு அசைவையும் அளந்து, அதன்படி ஆட்டத்தைத் திருத்தும் முறையைக் கற்றார்கள். வெளியே வந்த சிலர் தனித்தனி நிறுவனங்களைத் தொடங்கினார்கள். 2013இல் மூன்ஃபிராக் லேப்ஸ் பிறந்தது. 2014இல் பிளேசிம்பிள் கேம்ஸ் பிறந்தது. இரண்டும் மிகப் பழகிய வகைகளைத் தேர்ந்தெடுத்தன.

மூன்ஃபிராக் செய்த 'தீன் பத்தி கோல்ட்' தீபாவளி இரவுகளில் வட இந்திய வீடுகளில் ஆடப்படும் மூன்று சீட்டு ஆட்டம். அதற்குப் பின் 'லூடோ கிளப்' வந்தது. பிளேசிம்பிள் எடுத்துக்கொண்டது ஆங்கிலச் சொல் விளையாட்டுகளை. 'டெய்லி தீம்டு கிராஸ்வேர்ட்' அதன் புகழ்பெற்ற ஆட்டம். குறுக்கெழுத்துப் புதிர் 1913இல் நியூயார்க் நாளிதழில் அச்சானது முதல் உலகம் அறிந்த வடிவம். பெங்களூருவில் இருந்துகொண்டு அமெரிக்க ஆட்டக்காரர்களை நோக்கி அதை இந்நிறுவனம் கொண்டுசென்றது. விளம்பரம் பார்ப்பதற்கும், ஆட்டத்துக்குள் சிறு தொகை செலவழிப்பதற்கும் அங்கே கிடைக்கும் வருமானம் இந்தியாவைவிடப் பல மடங்கு அதிகம்.

2021இல் இரண்டு நிறுவனங்களையும் ஸ்வீடன் நிறுவனங்கள் வாங்கின. மூன்ஃபிராக்கை 9 கோடி டாலர் மதிப்பில் ஸ்டில்ஃபிரண்ட் வாங்கியது. பிளேசிம்பிளுக்கு எம்.டி.ஜி. முதல் தவணையாகவே 36 கோடி டாலர் மதிப்பிட்டது. இலக்குகளை எட்டினால் மேலும் 15 கோடி டாலர்வரை தர ஒப்புக்கொண்டது. 22 ஆண்டுகள் உழைத்த துருவாவுக்கு நெருக்கடி விற்பனையில் கிடைத்த தொகையையும், ஏழு ஆண்டுகளே ஆன பிளேசிம்பிளுக்குக் கிடைத்த தொகையையும் ஒப்பிட்டால், ஆட்டத்துக்குச் சொந்தக்காரராக இருப்பதன் மதிப்பு விளங்கும்.

இந்த வெற்றிகளில் புதுமை இல்லை என்று சொல்லிவிட முடியாது. அது விதிகளில் இல்லை. கண்ணுக்குத் தெரியாத இடங்களில் இருந்தது. இலவசமாகக் கிடைக்கும் கைபேசி ஆட்டத்தின் வணிகம் இரண்டு எண்களின் மேல் நிற்கிறது. ஓர் ஆட்டக்காரரை விளம்பரத்தின் மூலம் கொண்டுவர ஆகும் செலவு ஒன்று. அவர் ஆட்டத்தில் இருக்கும் காலம் முழுவதும் அவரால் வரும் வருமானம் மற்றொன்று. இரண்டாவது எண் முதலாவதை மீறும்வரை நிறுவனம் விளம்பரத்தில் பணம் போட்டு வளரலாம். தரவிறக்கிய மறுநாள் எத்தனை பேர் திரும்பினார்கள், ஏழாம் நாள் எத்தனை பேர், முப்பதாம் நாள் எத்தனை பேர் என்று தினமும் பார்ப்பது அதனால்தான். ஒரே திரையின் இரண்டு வடிவங்களை இரு கூட்டங்களுக்குக் காட்டி எது மேல் என்று சோதிப்பது, புதிர்களைத் தினமும் தயாரித்துத் தருவது, வேகம் குறைந்த இணைப்பிலும் மலிவான கைபேசியிலும் தடங்கலின்றி இயங்கச் செய்வது எல்லாம் உழைப்பும் கற்பனையும் கேட்கும் வேலைகள். நவி மும்பையின் 'லூடோ கிங்' இதற்கு இன்னொரு சான்று. பழைய இந்திய ஆட்டமான பச்சிசியிலிருந்து பிறந்து 1896இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற லூடோவை அது மாற்றவில்லை. தொலைவில் இருக்கும் உறவினரோடு ஆடும் வசதியைத் தந்தது. 2020 ஊரடங்கில் குடும்பங்கள் அதைத் தேடிவந்தன.

நகல் எங்கே நிற்கிறது

பழகிய வகை என்பது உறுதியான வருமானம் என்று எடுத்துக்கொண்டால் அது பெரும்பிழை. சீனாவோடு எல்லையில் மோதல் நடந்திருந்த நிலையில், 2020 செப்டம்பர் 2 அன்று இந்திய அரசு 'பப்ஜி மொபைல்' ஆட்டத்தைத் தடை செய்தது. இரண்டு நாள் கழித்து, பெங்களூருவின் என்கோர் கேம்ஸ் 'ஃபௌ-ஜி' ஆட்டத்தை அறிவித்தது. தடைக்குப் பின் எழுந்த வெற்றிடமும் நாட்டுப்பற்றும் சேர்ந்து பெரும் எதிர்பார்ப்பை உண்டாக்கின. 2021 ஜனவரி 26 அன்று அது வெளிவந்தபோது லட்சக்கணக்கானோர் தரவிறக்கினார்கள். ஆனால் உள்ளே அவர்கள் கண்டது, கல்வான் பள்ளத்தாக்கில் கையாலும் கைக்குக் கிடைத்த ஆயுதத்தாலும் மோதும் ஒற்றையாள் ஆட்டம். துப்பாக்கியும் இல்லை, நண்பர்களோடு ஆடும் முறையும் இல்லை. பிளே ஸ்டோரில் மதிப்பெண் விரைவாகச் சரிந்தது. குழு மோதல் முறை பிறகு சேர்க்கப்பட்டபோது முதல் வேகம் போய்விட்டிருந்தது. ஒரு பெரிய வகையின் பெயர் நினைவுக்கு வரும்படி ஆட்டத்தை அறிமுகப்படுத்தினால், அந்த வகையின் எழுதப்படாத ஒப்பந்தத்தையும் நிறைவேற்றியாக வேண்டும். இல்லையேல் ஆட்டத்தின் சொந்தக் குணமும் கவனிக்கப்படாமல் போகும். 2021 ஜூலையில் 'பப்ஜி'யின் உரிமையாளரான கிராஃப்டன் நிறுவனம் 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்ற பெயரில் பழைய ஆட்டத்தையே திரும்பக் கொண்டுவந்தது. ஆட்டக்காரர்கள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

நகல் எடுப்பதில் இன்னொரு தடையும் சேர்ந்துவிட்டது. 2021 ஏப்ரலில் ஆப்பிள், பயனரின் அனுமதி இல்லாமல் அவரைச் செயலிவிட்டுச் செயலி பின்தொடர்வதைக் கட்டுப்படுத்தியது. சரியான ஆட்டக்காரரைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவது கடினமாயிற்று. ஒரே மாதிரியான பத்து ஆட்டங்கள் ஒரே ஆட்டக்காரருக்காக விளம்பர ஏலத்தில் மோதினால், பெரும்பணம் உள்ள நிறுவனமே வெல்லும். சிறிய நிறுவனத்துக்கு, பார்த்தவுடன் வேறுபட்டுத் தெரியும் ஓர் அம்சமே மலிவான விளம்பரம். பிரபலமான வகையில் இருப்பவருக்கும் புதுமை தேவைப்படுவதற்கு இது நேரடிக் காரணம்.

ஒரே வகையை நம்பியதன் விளைவு

பெங்களூருவில் மிக வேகமாகப் பணம் கொழித்த வகை, காசு வைத்து ஆடும் ரம்மியும் அதைப் போன்றவையும்தான். 2017இல் தொடங்கிய கேம்ஸ்கிராஃப்ட் நிறுவனத்தின் 'ரம்மிகல்ச்சர்', 2018இல் தொடங்கிய மொபைல் பிரீமியர் லீக் ஆகியவை இந்நகரத்தவை. ரம்மி திறமைக்கான ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1968இல் சொன்ன தீர்ப்பே இந்தத் தொழிலின் அடித்தளம். கர்நாடக அரசு 2021இல் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2022 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது. தமிழ்நாட்டில் கடனில் மூழ்கியவர்களின் தற்கொலைகள் சட்டமன்றத்தை உலுக்கின. 2022இல் தடைச் சட்டம் நிறைவேறியது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் அந்தத் தடையிலிருந்து விலக்கியது. 2023 அக்டோபர் 1 முதல், கட்டும் முழுத்தொகைக்கும் 28 விழுக்காடு ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டது. கடைசியில், 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் விளையாட்டு ஊக்குவிப்பு, ஒழுங்குமுறைச் சட்டம், பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டங்களையும் தடை செய்தது. திறமையா, அதிர்ஷ்டமா என்ற வேறுபாட்டுக்கே அதில் இடமில்லை. நிறுவனங்கள் பண ஆட்டங்களை நிறுத்தின. மொபைல் பிரீமியர் லீக் இந்தியப் பணியாளர்களில் சுமார் 60 விழுக்காட்டினரைக் குறைக்கும் நிலைக்கு வந்தது.

எத்தனையோ குடும்பங்களைக் கடனில் தள்ளிய ஆட்டம் நின்றதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த நிறுவனங்களில் வேலைபார்த்த திறமையாளர்களுக்கு நேர்ந்ததிலிருந்து கற்க வேண்டியது இருக்கிறது. பெருவருமானம் வந்த ஆண்டுகளில் அதில் ஒரு பங்கைப் புதிய ஆட்டங்களை முயல ஒதுக்கி, அவற்றைச் சொந்தக் காலில் நிற்கும் அளவுக்கு வளர்த்திருந்தால், ஒரு வகை மறைந்த நாளில் நிறுவனமும் உடன் தடுமாறியிருக்காது. புதுமையில் போடும் பணம் கலையின் மீதான ஆசைக்காக மட்டும் போடுவது இல்லை. அது நிறுவனத்துக்கான காப்பீடு.

புதுமையின் விலையும் பலனும்

புதுமைக்கு ஒரு நியாயமற்ற விலை உண்டு: அதைக் கண்டுபிடிக்க ஆகும் காலம் அதிகம், நகலெடுக்க ஆகும் காலம் குறைவு. 2014 பிப்ரவரியில் வந்த 'த்ரீஸ்' என்ற எண் புதிர் ஆட்டத்தை அதன் படைப்பாளிகள் பதினான்கு மாதங்கள் செதுக்கினார்கள். அடுத்த மாதமே, அதே சிந்தனையின் எளிய வடிவமாக '2048' இலவசமாக வெளிவந்தது. அதைச் செய்ய ஒரு வார இறுதி போதுமானதாக இருந்தது. உலகம் '2048'ஐத்தான் அதிகம் ஆடியது. ஆட்ட விதிகளுக்குச் சட்டப் பாதுகாப்பு மிகக் குறைவு. எனவே, ஒற்றை விதியில் மட்டும் நிற்கும் புதுமையை எவரும் எடுத்துக்கொள்ளலாம். எடுத்துச்செல்ல முடியாத புதுமை வேறொன்று: ஒரு பண்பாட்டை உள்ளிருந்து அறிந்தவரின் பார்வை.

டொரன்டோவில் விசை கேம்ஸ் செய்த 'வெண்பா' இதற்கு ஒளிமிக்க சான்று. 1980களின் இறுதியில் கனடாவில் குடியேறிய தமிழ்த் தம்பதியின் கதை அது. மனைவிக்கு அவருடைய அம்மா கொடுத்த சமையல் குறிப்பேட்டின் பக்கங்கள் சிதைந்திருக்கின்றன. இட்லி ஊற்றும் வரிசையில் தொடங்கி, விடுபட்ட படிகளை ஆட்டக்காரர் ஊகித்துக் கண்டுபிடிக்க வேண்டும். மகன் தமிழைவிட்டு விலகுவதும் திரும்புவதும் சமையல் வழியாகவே சொல்லப்படுகிறது. 2023 ஜூலை 31 அன்று வெளிவந்த அந்த ஆட்டம், 2024இல் சுயாதீன கேம் விழாவின் மிக உயர்ந்த பரிசையும், பாஃப்டாவின் சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான விருதையும் பெற்றது. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் அளவில் அதை அடக்கியதும் முக்கியமான முடிவு. துணிச்சலான கருவுக்குச் சிறிய அளவும் கட்டுக்குள் நிற்கும் செலவும் துணை நின்றன.

புனேயின் நோடிங் ஹெட்ஸ் கேம்ஸ் செய்த 'ராஜி' இன்னொரு வழியைக் காட்டுகிறது. தம்பியைத் தேடிப் போகும் பெண், அசுரர்களோடு மோதுவது கதை. தாவுவதும் சண்டையிடுவதும் ஆட்டக்காரர்கள் நன்கறிந்த சாகச வகைதான். ராஜஸ்தானி கட்டடக்கலையும் புராண உலகமும் புதியவை. 2017இல் கிக்ஸ்டார்ட்டரில் மக்களிடம் நிதி திரட்டும் முயற்சி தோற்றது. குழு விடாமல் உழைத்து, 2020 ஆகஸ்டில் நின்டெண்டோ ஸ்விட்சில் வெளியிட்டது. அந்த ஆண்டு கேம் அவார்ட்ஸ் விழாவில் சிறந்த அறிமுக சுயாதீன ஆட்டத்துக்கான பரிந்துரைப் பட்டியலில் இடம்பிடித்தது.

ஆனால் பெரும்பாலான புதிய ஆட்டங்கள் கவனிக்கப்படாமலே போகின்றன. ஸ்டீம் தளத்தில் 2024இல் மட்டும் 18,000க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் வெளிவந்தன. அவற்றில் புதுமை மட்டுமே கொண்டுவரும் ஆட்டத்துக்குத் தானாகக் கூட்டம் சேராது. இது என்ன ஆட்டம், யாருக்கான ஆட்டம் என்று ஒரு வரியில் சொல்ல முடியாத புதுமை விற்பனைக்குத் தடையாகிறது.

ஒரே இடத்தில் புதுமை

நின்று வென்ற ஆட்டங்களில் பெரும்பாலானவை இரண்டையும் கலந்தவை. 2024 பிப்ரவரியில் வெளிவந்த 'பலாட்ரோ' போக்கர் சீட்டு வரிசைகளை அப்படியே எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் விதிகளை வளைக்கும் ஜோக்கர்களைச் சேர்த்தது. தனியொருவர் செய்த ஆட்டம், ஓராண்டுக்குள் 50 லட்சம் பிரதிகள் விற்றது. 2015இல் நின்டெண்டோ வெளியிட்ட 'ஸ்ப்ளாட்டூன்' துப்பாக்கிச் சண்டை வகைதான். ஆளைச் சுடுவதை முதன்மையாக்காமல் தரையில் வண்ணம் பூசி இடம்பிடிப்பது அதன் ஒரே பெரிய மாற்றம். குழந்தைகளும் ஆடலாம் என்ற நிலையை அந்த மாற்றம் உருவாக்கியது.

தென்னிந்தியாவிலேயே இரண்டு நல்ல சான்றுகள் உண்டு. உடுப்பியின் 99கேம்ஸ் 2014இல் வெளியிட்ட 'ஸ்டார் ஷெஃப்', உணவகம் நடத்தும் பழகிய ஆட்டம். காய்கறி விளைவிப்பதையும் சமைப்பதையும் கடை விரிப்பதையும் ஒரே ஓட்டத்தில் இணைத்ததால் அது வெளிநாட்டு ஆட்டக்காரர்களையும் கவர்ந்தது. சென்னையின் நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியா செய்த 'வேர்ல்ட் கிரிக்கெட் சாம்பியன்ஷிப்' இன்னும் ஆழமான பாடம். உலகின் பெரிய விளையாட்டு ஆட்ட நிறுவனமான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2006இல் வெளியிட்ட 'கிரிக்கெட் 07' ஆட்டத்தோடு கிரிக்கெட்டைக் கைவிட்டுவிட்டது. கோடிக்கணக்கான ரசிகர்கள் ஆட்டமின்றிக் காத்திருந்தார்கள். அந்த இடத்தைச் சென்னை நிறுவனம் கண்டுகொண்டது. சாதாரணக் கைபேசியில் இயங்கும்படி செய்து, 2015இல் இரண்டாம் பதிப்பையும், 2020இல் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழி வருணனையோடு மூன்றாம் பதிப்பையும் தந்தது. வகை பழையது, அந்த வகை புறக்கணிக்கப்பட்டிருக்கிறது என்று கண்டதே புதுமை. பெரிய நிறுவனங்கள் பார்க்காத மொழியும் கருவியும் ஆட்டக்காரரும் இருக்கும் இடத்தில் பழைய ஆட்டமே புதிய ஆட்டமாகிறது.

முடிவெடுக்கும் முறை

இந்த அனுபவங்களிலிருந்து ஒரு நிறுவனம் கடைப்பிடிக்கத்தக்க வரிசை ஒன்று கிடைக்கிறது.

முதலாவது, கையிருப்பை அளப்பது. ஓர் ஆட்டம் தோற்றாலும் தாங்கும் பணம் இல்லாத நிறுவனம், பழகிய வகையில் சிறிய ஆட்டத்தோடு தொடங்குவதே பொறுப்பான செயல். அவுட்சோர்சிங் வேலையை ஓரளவு வைத்துக்கொண்டு சொந்த ஆட்டத்துக்கு நிதி திரட்டுவதும் நல்ல வழி. ஆனால் சொந்த ஆட்டத்துக்கென ஆட்களைத் தனியே ஒதுக்க வேண்டும். இல்லாவிட்டால் வாடிக்கையாளரின் கெடு எப்போதும் முந்திக்கொள்ளும்.

இரண்டாவது, வகையின் வயதைப் பார்ப்பது. ஒரு வகையில் முதல் ஐந்து இடங்களில் இருக்கும் ஆட்டங்கள் பல ஆண்டுகளாக மாறாமல் இருந்தால், அங்கே நேரடியாக மோதுவது வீண். அந்த ஆட்டங்களை ஆடி அலுத்தவர்கள் எதைப் பற்றி முறையிடுகிறார்கள் என்று பார்த்தால், புதுமை செய்ய வேண்டிய இடம் தெரியும்.

மூன்றாவது, புதுமையை ஓரிடத்தில் குவிப்பது. விதி, உலகம், மொழி, கருவி, வருமான முறை ஆகிய ஐந்தில் ஒன்றோ இரண்டோ புதிதாக இருந்தால் போதும். ஐந்தும் புதிதானால் ஆட்டக்காரருக்குப் பிடிமானம் இருக்காது. ஐந்தும் பழையதானால் அவர் வருவதற்குக் காரணம் இருக்காது.

நான்காவது, சீக்கிரம் சோதித்து, சீக்கிரம் கைவிடுவது. ஃபின்லாந்தின் சூப்பர்செல் இதில் முன்னோடி. சிறு குழுக்கள் தாங்களே ஆட்டத்தைத் தொடங்கி, தாங்களே நிறுத்தும் உரிமை அங்கே உண்டு. ஆட்டத்தைச் சில நாடுகளில் மட்டும் முதலில் வெளியிட்டு, மக்கள் திரும்பத் திரும்ப வருகிறார்களா என்று பார்க்கிறார்கள். 'பிரால் ஸ்டார்ஸ்' அப்படிச் சுமார் ஒன்றரை ஆண்டு சோதிக்கப்பட்டு, 2018 டிசம்பரில் உலகெங்கும் வந்தது. 'எவர்டேல்', 'கிளாஷ் குவெஸ்ட்' ஆகியவை போதிய வரவேற்பு இல்லாததால் 2022இல் நிறுத்தப்பட்டன. கைவிட்ட ஆட்டங்களின் செலவைத் தாங்குவது, நிலைத்த ஆட்டங்களின் வருமானம். பழகியதும் புதியதும் ஒன்றையொன்று தாங்கும் முறை இதுவே.

ஐந்தாவது, வெற்றிபெற்ற காலத்திலேயே அடுத்ததைத் தொடங்குவது. வருமானம் குறையத் தொடங்கிய பின் புதுமையைத் தேடும் நிறுவனத்துக்கு நேரமும் இருக்காது, பொறுமையும் இருக்காது.

அரசும் முதலீட்டாளரும் செய்ய வேண்டியது

கர்நாடகம் 2012லேயே அனிமேஷன், கேம் துறைக்கெனத் தனிக் கொள்கை வகுத்த மாநிலம். 2021இல் பெங்களூருவின் மகாதேவபுராவில் உயர்திறன் மையம் திறக்கப்பட்டது. 2024 முதல் 2029 வரைக்கான புதிய கொள்கையும் நடைமுறையில் இருக்கிறது. விலையுயர்ந்த கருவிகளையும் ஸ்டுடியோ வசதிகளையும் சிறு குழுக்களுக்குக் கிடைக்கச் செய்வதில் இவை உதவுகின்றன. ஆனால் இந்தியாவில் தரவிறக்கம் பெருகிய அளவுக்கு ஆட்டத்துக்காகச் செலவிடுவது பெருகவில்லை. அதனால் முதலீட்டாளர்கள் விரைவில் லாபம் தரும் வகைகளையே நாடினார்கள். பண ஆட்டங்களில் முதலீடு குவிந்ததற்கு அதுவே காரணம். 2025 சட்டத்துக்குப் பின் அந்தக் கதவு மூடப்பட்டிருக்கிறது. இனி அந்தப் பணமும் திறமையும் எங்கே போகும் என்பதில்தான் இந்தத் துறையின் அடுத்த பத்தாண்டு அடங்கியிருக்கிறது.

முழு ஆட்டத்துக்கும் நிதி கேட்கும் முன், ஒரு கருவை ஆடிப்பார்க்கும் முன்மாதிரியாக மாற்றுவதற்கான சிறு உதவித்தொகைகளே இப்போது மிகவும் தேவை. சில மாதங்களில் நூறு முன்மாதிரிகள் பிறந்து, அவற்றில் ஐந்து வளர்ந்தாலும் அது நாட்டுக்கு லாபம். கேம் கல்வி தரும் கல்லூரிகள் மென்பொருள் கருவிகளோடு ஆட்ட வடிவமைப்பையும், தாயம், பல்லாங்குழி, ஆடு புலி ஆட்டம், சௌக பாரா போன்ற மண்ணின் ஆட்டங்களின் விதிகளையும் பாடமாக்க வேண்டும். அவற்றை அப்படியே திரையில் போடுவதற்காக அல்ல. மிகக் குறைந்த பொருட்களைக் கொண்டு தலைமுறை தலைமுறையாக மனிதரைக் கட்டிப்போட்ட விதிகள் எப்படி இயங்குகின்றன என்று அறிவதற்காக.

புதுமையைத் துரத்துவதா, பிரபல வகையைத் தழுவுவதா என்ற கேள்விக்கு ஒவ்வொரு நிறுவனத்தின் விடையும் அதன் பணம், குழு, காலம் ஆகியவற்றைப் பொறுத்து மாறும். பிழைத்திருக்கப் பழகியதைச் செய்வதில் இழுக்கு எதுவும் இல்லை. அந்த வருமானத்தில் ஒரு பங்கைத் தனக்கே உரிய ஆட்டத்துக்காக ஒதுக்கும் நிறுவனம்தான் வகைகள் மாறும்போதும் நீடிக்கும். பிறர் பின்தொடரும் வகையை ஒருநாள் தானே உருவாக்கும் வாய்ப்பும் அதற்கே உண்டு. பெங்களூருவுக்கு அதற்கான கைகளும் அனுபவமும் ஏற்கெனவே இருக்கின்றன.